விட்டுப்போன பிள்ளைகளின் பள்ளிக்கூடம்: கணக்குக் கேட்பது யார்?

படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

அங்கே பாடம் நடக்கும். மதியம் சோறு கிடைக்கும். ஆனாலும் அது மற்றப் பள்ளிக்கூடங்களைப் போன்றது அல்ல. அங்கே சேரும் பிள்ளை அங்கேயே இருந்து படித்து முடிக்கக் கூடாது! சில மாதங்களில் அதை விட்டுப் போய்விட வேண்டும்.

எங்கே போவது? ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு!

வெளியே அனுப்புவதற்காகவே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு, "சிறப்புப் பயிற்சி மையம்" என்று பெயர்.

சாதாரணப் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறதா என்று அறிய, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று பார்க்கிறோம். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் படம் பத்திரிகையில் வருகிறது. சிறப்புப் பயிற்சி மையத்தில் அப்படிப் பரீட்சை முடிவு எதுவும் வெளியாவது இல்லை. யாருடைய படமும் வருவது இல்லை.

அப்படியானால் அது ஒழுங்காக நடக்கிறதா, பெயருக்கு நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி? அதனிடம் கணக்குக் கேட்பது யார்?

சென்னையின் மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது சொந்தக் கவலை.

மூன்று ஊர்கள்

இந்த மூன்று ஊர்களும் உழைப்பால் வளர்ந்தவை.

1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதே ஆவடியில் பின்னர் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் அங்கிருந்து "விஜயந்தா" டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை உருவாயிற்று. சிறுதொழில் பட்டறைகள் வரிசை வரிசையாக எழுந்தன. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் கிடங்குகளும் ஆலைகளும் வந்தன.

வேலை இருக்கும் இடத்துக்கு ஜனங்கள் வருவார்கள். முன்பு தென் மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். இப்போது பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். தகப்பனுக்கு ஒரு பட்டறையில் வேலை. தாய்க்கு ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலை. ஓர் இடத்தில் வேலை முடிந்தால் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

பிள்ளையின் படிப்பு? அது முந்தின ஊரிலேயே நின்றுபோகும்!

எல்லாப் பிள்ளைகளும் வேலைக்காகவே நிற்பது இல்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நிற்பவர் உண்டு. நோயால் நிற்பவர் உண்டு. வகுப்பில் ஒன்றும் புரியவில்லை என்ற வெட்கத்தால் நிற்பவரும் உண்டு. காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். ஒரு மாதம் போகாத பிள்ளைக்கு மறு மாதம் போகக் கால் எழாது.

சட்டம் சொல்வது என்ன?

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை உண்டு என்று அது கூறுகிறது.

அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, விட்டுப்போன பிள்ளைகளைப் பற்றியது.

ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். வயது 12. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். அவனை எந்த வகுப்பில் சேர்ப்பது? ஐந்தாம் வகுப்பில் சேர்த்தால், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே மீசை அரும்பும் பையன் தலைகுனிந்து உட்கார வேண்டும். ஒரு வாரம் வருவான். பிறகு ஓடிவிடுவான்.

ஆகவே அவன் வயதுக்கு உரிய வகுப்பில், அதாவது ஏழாம் வகுப்பில், சேர்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் ஏழாம் வகுப்புப் பாடம் அவனுக்குப் புரியாதே! அதற்காகத்தான் சிறப்புப் பயிற்சி. மற்றவர்களை எட்டிப்பிடிக்கும் வரை அவனுக்குத் தனியாகப் பாடம் சொல்லித்தர வேண்டும். அது அவனுடைய உரிமை.

எவ்வளவு காலம்? மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு விதிகள் அதையும் கூறுகின்றன. குறைந்தது 3 மாதம். அதிகம் போனால் 2 ஆண்டு. அதற்கு மேல் கூடாது. பயிற்சி பள்ளிக்கூட வளாகத்தில் நடக்கலாம். பிள்ளைகள் உண்டு உறங்கும் பாதுகாப்பான விடுதியிலும் நடக்கலாம்.

14 வயது தாண்டிவிட்டால் விரட்டிவிடுவார்களா? மாட்டார்கள். எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை இலவசமாகப் படிக்கலாம் என்று அதே பிரிவு உறுதி தருகிறது. பழைய பள்ளிக்கூடத்தின் மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறந்த தேதிச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கவும் முடியாது.

இங்கே முக்கியமான ஒன்று உண்டு. முதலில் பிள்ளையின் பெயர் சாதாரணப் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் பிறகுதான் சிறப்புப் பயிற்சி. ஆகவே மையத்தில் இருக்கும் பிள்ளை அநாதைப் பிள்ளை அல்ல. அவனுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தலைமை ஆசிரியர் இருக்கிறார். முதல் கணக்கை அவரிடமே கேட்கலாம்.

சூளை ஓரத்தில்

பூந்தமல்லியைத் தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் போனால் செங்கல் சூளைகளைக் காணலாம்.

ஒடிசாவின் மேற்குப் பகுதியில் பலாங்கிர், நுவாபடா, களாகண்டி என்ற மாவட்டங்கள் உள்ளன. அறுவடை முடிந்ததும் அங்கிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு இங்கே வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கோடை முடியும்வரை கல் அறுக்கிறார்கள். மழைக்கு முன் ஊர் திரும்புகிறார்கள்.

முன்பணம் சில சமயம் விலங்காகிவிடும். 2011-ல் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டார்கள்.

தாய் தகப்பனோடு பிள்ளைகளும் வருகிறார்கள். அங்கே பள்ளி ஆண்டின் நடுவில் கிளம்பி, இங்கே பள்ளி ஆண்டின் நடுவில் வந்து சேருகிறார்கள். பேசுவது ஒடியா. இங்கே பாடம் தமிழில். என்ன செய்வது?

சூளைகளின் அருகே மையங்கள் வைத்து, ஒடியாப் பாடநூல்களை வரவழைத்து, அந்த மொழி தெரிந்தவர்களைக் கொண்டு பாடம் சொல்லும் முயற்சி இந்த மாவட்டத்தில் நடந்தது. நல்ல முயற்சி. ஏனென்றால் ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை ஒடிசாவில் உள்ள தன் வகுப்புக்குத்தான் திரும்ப வேண்டும்.

ஆனால் கணக்குப் பார்ப்பவருக்கு இங்கேதான் தலைவலி! பிள்ளையின் பெயர் ஒடிசாப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கலாம். இங்குள்ள மையத்தின் பதிவேட்டிலும் இருக்கலாம். இரண்டிலும் இருந்தும் அது சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருக்கலாம். இரு மாநிலங்களிலும் ஏட்டில் "படிக்கிறது" என்று இருக்கும். பிள்ளை ஓர் எழுத்தும் கற்றிருக்காது.

இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு கூறுகிறது. எந்த ஊர்ப் பிள்ளை என்பது கேள்வி இல்லை. இன்று எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊர் பொறுப்பு.

எந்தத் தராசு?

ஒரு மையத்தை எடைபோட எந்தத் தராசை எடுப்பது?

மதிப்பெண்ணை வைத்து எடைபோடலாமா? நான்காண்டுகள் படிப்பை இழந்த பிள்ளையையும், ஒரு நாள்கூட விடாமல் படித்த பிள்ளையையும் ஒரே வினாத்தாளில் சோதித்தால் யார் தோற்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சோதித்தால் மையம் நடத்துகிறவர் என்ன செய்வார்? பெயர் கெடக் கூடாது என்று, சுலபமாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்வார். யாருக்காக மையம் திறந்தார்களோ, அந்தப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும்.

சரி, பாவப்பட்ட பிள்ளைகள்தானே, ஒன்றும் கேட்க வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதுவும் ஆபத்து. கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் பாடம் மெல்ல மெல்ல நின்றுபோகும். மையம், பிள்ளைகளை அடைத்து வைக்கும் பட்டியாகிவிடும்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலும் இடைநின்ற மாணவர்களுக்குத் தனிப் பள்ளிகள் உண்டு. அங்கே சாதாரண உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள் என்று பார்ப்பார்கள். தனிப் பள்ளிக்கோ மாணவன் கடைசி ஆண்டில்தான் வந்து சேர்கிறான். முந்தின மூன்று ஆண்டுகளின் குறையை அதன் தலையில் கட்டலாமா?

ஆகவே 2018 முதல் இத்தகைய பள்ளிகளுக்கு வேறு அளவு வைத்தார்கள். அந்த ஓர் ஆண்டில் கடைசி வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம் தன் கைக்கு வந்த காலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து.

இங்கிலாந்திலும் இத்தகைய பள்ளிகளை அரசாங்கத்தின் கல்வி ஆய்வாளர்கள் நேரில் சென்று பார்க்கிறார்கள். தேர்ச்சி விகிதம் குறையுமே என்று பயந்து, பள்ளிக்கூடம் தன் வசதிக்காக ஒரு மாணவனின் பெயரை நைசாக அடித்துவிட்டதா என்றும் கவனிக்கிறார்கள்.

நாலு கணக்கு

நம்முடைய மையங்களுக்கு என்ன கணக்கு கேட்கலாம்? நாலு கணக்கு கேட்டால் போதும்.

முதல் கணக்கு, வருகை. ஏட்டில் 20 பெயர் இருந்தால் பாயில் 20 பிள்ளைகள் இருக்கிறார்களா? இதைச் சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் போய் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது கணக்கு, கற்றல். வந்த அன்று பிள்ளைக்கு என்ன தெரியும்? மூன்று மாதம் கழித்து என்ன தெரியும்? எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த பெண், இப்போது ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறாளா? அந்தப் பிள்ளையை அந்தப் பிள்ளையோடுதான் ஒப்பிட வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு அல்ல.

மூன்றாவது கணக்கு, திரும்புதல். பயிற்சி முடிந்து வயதுக்கு உரிய வகுப்பில் போய் உட்கார்ந்தவர் எத்தனை பேர்?

நாலாவது கணக்கு, தங்குதல். ஓர் ஆண்டு கழித்தும் அந்த வகுப்பில் இருக்கிறார்களா?

இந்த நாலாவது கணக்குத்தான் பெரிய கணக்கு. கேட்க ஆள் இல்லாமல் போவதும் இதுதான். பிள்ளை மையத்தை விட்டுப் போனதும் மையம் "எங்கள் வேலை முடிந்தது" என்று சொல்லிவிடும். புதுப் பள்ளிக்கூடமோ, "இது மையத்திலிருந்து வந்த பிள்ளை" என்று ஒதுக்கி வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே பிள்ளை விழுந்துவிடும். இதனால்தான் 2010-ஆம் ஆண்டு விதிகள், வகுப்பில் சேர்ந்த பிறகும் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்கின்றன. பாடத்தில் மட்டும் அல்ல, மனத்தாலும் மற்றவர்களோடு ஒட்டும்வரை கவனிக்க வேண்டும்.

ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் எம்.வி. அறக்கட்டளை என்ற அமைப்பு 1990-களில் இதைச் செய்து காட்டியது. இன்று அந்த மாவட்டம் தெலங்கானாவில் இருக்கிறது. பண்ணையில் மாடு மேய்த்த பிள்ளைகளையும், வயலில் கூலி வேலை செய்த பிள்ளைகளையும் முகாம்களில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். முகாமில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பேர் போனார்கள், அங்கே நிலைத்தார்களா என்று கிராமத்தாரையே பார்க்கச் செய்தார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்திய சாந்தா சின்ஹாவுக்கு 2003-ல் மகசேசே விருது கிடைத்தது. 2007-ல் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவராகவும் அவர் ஆனார்.

கேட்கும் அதிகாரம் யாருக்கு?

"நாம் கூலிக்காரர்கள். நாம் போய்க் கணக்குக் கேட்டால் யார் மதிப்பார்கள்?" என்று நினைக்கும் தாய்மார் உண்டு.

மதித்தே ஆகவேண்டும்! ஏனென்றால் சட்டமே அவர்களைக் கேட்கச் சொல்கிறது.

அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த குடும்பத்துப் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. பள்ளி எப்படி நடக்கிறது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது இந்தக் குழுவின் வேலை.

தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. ஒரு குழுவில் 20 பேர். அவர்களில் 15 பேர் பெற்றோர். 2024-ல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள்.

குழுக் கூட்டத்தில் ஒரு தாய் இப்படிக் கேட்கலாம்:

"சார், எம் பொண்ணு பயிற்சிக்கு வந்து எட்டு மாசம் ஆச்சுங்க. எப்ப ஏழாங் கிளாஸ்ல உக்கார வைப்பீங்க?"

"இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்மா. கணக்குல கொஞ்சம் பலவீனமா இருக்கா."

"சரிங்க சார். வந்தப்ப என்ன தெரிஞ்சுது, இப்ப என்ன தெரியுது, அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

இவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நோட்டு இருந்தால் ஆசிரியர் மகிழ்ச்சியோடு காட்டுவார். இல்லை என்றால் அடுத்த கூட்டத்துக்குள் நோட்டு போடப்பட்டுவிடும்!

பேச்சில் தீராவிட்டால் எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். அது 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆயிற்று. ஒரே சாலையின் இரு முனையில் இருப்பவர்கள் இரு வேறு அலுவலகங்களுக்கு எழுத வேண்டியிருக்கும். ஆகவே எழுதுவதற்கு முன், தங்கள் வீடு எந்த எல்லையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

செங்கற்பட்டு சொல்லும் பாடம்

மையம் பகலில் மட்டும் நடந்தால் பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிடும். இரவும் பகலும் உள்ளேயே இருக்கும் பிள்ளை யாரிடம் சொல்லும்?

செங்கற்பட்டில் 1887-ல் சீர்திருத்தப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. குற்றம் செய்த சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், படிப்பும் கைத்தொழிலும் சொல்லித்தருவது அதன் நோக்கம். 1920-ல் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. இத்தகைய பள்ளிகளுக்கு அரசாங்கம் சான்று தரும். அவற்றைப் பார்வையிட அதிகாரி இருப்பார் என்று ஏற்பாடு செய்தார்கள். கண்காணிப்பு வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள்.

அப்படியிருந்தும், 2022 டிசம்பர் இறுதியில் அதே செங்கற்பட்டில் உள்ள அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். நாடு பதறியது. இத்தகைய இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று ஆராய, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக 2023-ல் தமிழ்நாடு அரசு நியமித்தது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார்.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. குழந்தைகள் தங்கும் இல்லம் எதுவானாலும் பதிவு செய்திருக்க வேண்டும். ஆய்வுக் குழு 3 மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் வர வேண்டும். குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் மருத்துவ அதிகாரியாகவும் இருக்க வேண்டும். பார்த்த ஒரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும்.

விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், வந்து பார்க்கும் கண் வேண்டும். வருகிறவர் பிள்ளையைத் தனியே அழைத்து, "சாப்பிட்டாயா? அடித்தார்களா? என்ன படித்தாய்?" என்று கேட்க வேண்டும். பிள்ளையை உண்டு உறைவிட மையத்தில் விட்ட பெற்றோரும் இதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பிள்ளையை அடிப்பதையும், மன உளைச்சலுக்கு உள்ளாக்குவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

பெயர் மாறினால் கடன் தீருமா?

1988-ல் மத்திய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. படிப்பு, கைத்தொழில், மதிய உணவு எல்லாம் தந்தார்கள். பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் உண்டு. மாதம் 150 ரூபாயாக இருந்த அது பின்னர் 400 ரூபாய் ஆயிற்று. மாவட்ட கலெக்டரைத் தலைவராகக் கொண்ட சங்கம் இதை நடத்தியது. ஆகவே யாரைக் கேட்பது என்பதில் சந்தேகம் இல்லை.

2021-ல் அந்தத் திட்டம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கல்வித் துறையின் கீழ் வருவது நல்லதுதான். ஆனால் இப்படி மாறும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பழைய திட்டத்தின் ஏட்டில் இருந்த பெயர்கள் எங்கே போயின? ஒவ்வொரு பெயரும் புது ஏட்டில் ஏறினதா? திட்டத்தின் பெயர் மாறலாம். அலுவலகத்தின் பலகை மாறலாம். பட்டறையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளை அதே பிள்ளைதான். அதற்குப் பட்ட கடன் தீர்ந்துவிடவில்லை.

ஆசிரியரின் பக்கம்

கணக்கு ஒரு பக்கம் மட்டும் எழுதப்படுவது இல்லை. வரவும் வேண்டும், செலவும் வேண்டும்.

சிறப்புப் பயிற்சி சொல்லித்தருவது லேசான வேலை அல்ல. ஒரே அறையில் 8 வயதுப் பெண்ணும் இருப்பாள், 13 வயதுப் பையனும் இருப்பான். ஒருவனுக்கு எழுத்தே தெரியாது. ஒருத்திக்குத் தமிழே தெரியாது. இன்று வந்த பிள்ளை நாளைக்கு வராது. ஆசிரியர் சூளைக்கோ குடிசைக்கோ தேடிப் போக வேண்டும். "இன்னும் ரெண்டு நாள்ல அனுப்புறேன்" என்று சொல்லும் தகப்பனிடம் தன்மையாகப் பேச வேண்டும்.

அவருக்கு மாதச் சம்பளம் மாதக் கடைசியில் வர வேண்டும். பிள்ளைகளுக்கு உரிய புத்தகம் ஆண்டுத் தொடக்கத்தில் வர வேண்டும். இவற்றைத் தராமல் "பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை?" என்று அவரை மட்டும் அதட்டினால் அது நியாயமான கணக்கு ஆகாது. மேலே இருப்பவர்களும் கணக்குச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுக்கும் வேலை புதிது அல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. சோறு பிள்ளையை வாசல்வரை அழைத்து வரும். உள்ளே உட்கார வைப்பது ஆசிரியரின் அன்பும் பாடமும்தான்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

பிள்ளையை மையத்தில் சேர்க்கும்போதே நாலு விஷயங்களை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். எந்தப் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கிறது? சேர்ந்த தேதி என்ன? எந்த வகுப்புக்குப் போகப் போகிறது? ஏறக்குறைய எந்த மாதம்?

எழுதத் தெரியாதவர்கள் படித்த பிள்ளை ஒன்றை எழுதச் சொல்லலாம். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டால் தொலையாது.

அக்கம்பக்கத்தாருக்கும் வேலை உண்டு. டீக்கடையிலும் பட்டறையிலும் சின்னப் பிள்ளை வேலை செய்வதைக் கண்டால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. பள்ளிக் கல்வி பற்றிய சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 14417 என்ற எண் இருக்கிறது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது குற்றம்.

மையத்திலிருந்து வந்த பிள்ளை தங்கள் மகனின் வகுப்பில் உட்கார்ந்தால், "அவனோடு சேராதே" என்று சொல்லாமல் இருப்பதும் பெரிய உதவி. புதிதாக வந்தவன் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் போதும். அவன் மறுநாளும் வருவான்.

சிறப்புப் பயிற்சி மையத்தின் வெற்றி அந்த மையத்துக்குள் தெரியாது. இரண்டு தெரு தள்ளி, சாதாரணப் பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பிள்ளையின் பெயர் கூப்பிடப்பட்டு, "உள்ளேன் ஐயா!" என்று குரல் வந்தால் கணக்கு சரி.

குரல் வராவிட்டால், கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது.